குளுக்ககன் எல்லோரையும் காப்பாற்றாது
“இரத்தத்தில் சீனி குறைந்தால் குளுக்ககன் (சீனியை ஏற்றும் ஹோர்மோன்) சுரந்து உடம்பு தானே சரிக்கட்டிவிடும்” என்று ஒரு கட்டுரையில் இருப்பது நீரிழிவு வருத்தம் இல்லாதவருக்குச் சரி, நீரிழிவுக்குச் சில வகைக் குளிசை போடுகிறவருக்குச் சரியில்லை. சீனி இறங்கும்போது உடம்பு முதலில் செய்வது சீனியை இறக்கும் இன்சுலினைக் குறைப்பது, குளுக்ககன் அதற்குப் பிறகுதான். கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் இன்சுலின் சுரக்கும் உறுப்பான சதையியைத் தூண்டிக்கொண்டே இருப்பதால் சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் வந்துகொண்டே இருக்கும், அந்த முதல் காவல் வேலை செய்யாது. ஒட்டுசுட்டானில் விதைப்பு நாளொன்றில் எங்கட அப்பா விடிய குளிசையைப் போட்டுவிட்டு வெறும் தேத்தண்ணியோடு வயலுக்குப் போனவர். பத்து மணிபோல வரம்பில் குந்தியிருந்தார். சேட்டு தெப்பமாக நனைந்திருந்தது, நெற்றி குளிர்ந்து கிடந்தது, மண்வெட்டிப் பிடியில் விரல் நிற்காமல் நடுங்கியது, என்னைத் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த வியர்வையும் நடுக்கமும் அதிரினலின் என்ற ஹோர்மோன் தரும் எச்சரிக்கை. பல வருடம் நீரிழிவோடு இருப்பவர்களுக்கு அதுகூட மங்கிப்போகலாம். பனங்கட்டிக் குட்டானைப் பிரித்துப் போத்தல் தண்ணியில் கரைத்துக் கொடுத்தோம், கால் மணித்தியாலத்தில் தெளிந்தார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘நீரிழிவுக்காரருக்கு மயக்கம் வந்தாலும் இனிப்புக் காட்டக் கூடாது’ என்கிறார், தயவுசெய்து அதை நம்பாதீர்கள். நினைவு இருந்தால் உடனே சீனித்தண்ணி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். தெளிந்த பிறகும் சோறு கொடுத்துப் பக்கத்திலேயே இருங்கள், இந்தக் குளிசையால் சில மணித்தியாலத்தில் சீனி திரும்பவும் இறங்கலாம். அப்பாவுக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு அப்படித்தான் இறங்கியது.