வாடகை வசூலித்த கவிஞர்

நியூயார்க்கின் புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில், எழுத்தாளர்களும் இசையமைப்பாளர்களும் ஒன்றாகக் குடியிருந்த மிடா தெருவின் 7-ஆம் எண் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே விருந்துகளில்தான் போய் நிற்கிறார்கள். யார் குடித்தார், யார் யாரோடு இருந்தார் என்று. எனக்கு அதில் தீராத மனத்தாங்கல் உண்டு. அந்த வீட்டில் என் மனம் போய் நிற்கும் இடம் சாப்பாட்டு மேசை.

1940-இல் ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற இதழின் கதைப் பகுதி ஆசிரியர் வேலையை விட்டு விலகிய ஜார்ஜ் டேவிஸ் பிடித்த வாடகை வீடு அது. இங்கிலாந்துக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனும், 23 வயதே ஆன நாவலாசிரியர் கார்சன் மெக்கல்லர்ஸும் உடன் சேர்ந்தார்கள். பிறகு இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் அவருடைய இணையர் பீட்டர் பியர்ஸும் வந்தார்கள். குடியிருந்தவர்களில் பலர் தன்பாலீர்ப்பாளர்கள். அவர்களுடைய உறவு அன்றைய நியூயார்க்கில் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் 1967 வரை குற்றம்.

அப்படிப்பட்டவர்கள் நிறைந்த வீட்டில் ஆடன் வாடகை வசூலித்தார், செலவுக் கணக்குப் பார்த்தார். சாப்பாட்டு வேளைக்கு எல்லோரும் வந்தாக வேண்டும்; மேசையில் அரசியல் பேசக் கூடாது. இந்தக் கண்டிப்பைப் பலர் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு நெஞ்சு கனக்கிறது. பெற்ற வீட்டில் உண்மையைச் சொல்ல முடியாதவனுக்கும் "நேரமாயிற்று, சாப்பிட வா" என்று அதட்ட ஓர் ஆள் வேண்டாமா?

இடநெருக்கடியும் குடும்பத்தில் இருப்பதைப் போலத்தான். வரவேற்பறையில் பெஞ்சமினின் பியானோ இருந்தது. பின்னர் குடிவந்த பால் பவுல்ஸும் இசையமைப்பாளர். அவர் தன் பியானோவோடு நிலவறைக்குப் போனார். ஒரே கூரையின் கீழ் மேலே ஒருவர், கீழே ஒருவர் இசை எழுதினார்கள்.

மாடத்து அறையில் கோலோ மான் இருந்தார். எழுத்தாளர் தாமஸ் மானின் மகன். நாஜிகளிடமிருந்து தப்பி, பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலையைக் கடந்து வந்தவர். அவருடைய அக்கா எரிகாவுக்கு இங்கிலாந்துக் கடவுச்சீட்டு கிடைக்கட்டும் என்பதற்காகவே 1935-இல் ஆடன் அவரைத் திருமணம் செய்துகொண்டார். ஆக, கோலோ அவருக்கு மைத்துனர். சேர்ந்தே வாழாத அந்தத் தம்பதியைச் சட்டம் கணவன் மனைவி என்றது. ஒரே கட்டிலில் உறங்கி, ஒரே மேசையில் உண்ட பெஞ்சமினையும் பீட்டரையும் அதே சட்டம் குற்றவாளிகள் என்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நெடுஞ்சாலைப் பணிக்காக 1945-இல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். இனி அதைப் பற்றி எழுதுகிறவர்கள் விருந்துகளைப் பற்றியும் எழுதட்டும். ஆனால், எல்லோரிடமும் வாடகை கேட்ட அந்த மனிதரை விட்டுவிட வேண்டாம்.