ஊரியேலைச் சேர்க்க வேண்டாம்

அதிதூதர்கள் (தலைமை வானதூதர்கள்) பாதுகாவலர்களாக இருப்பது பற்றிய கட்டுரையில் மிக்கேல், கபிரியேல், இரபேலோடு ஊரியேலையும் சேர்த்திருக்கிறீர்கள். கத்தோலிக்க வழிபாட்டில் பெயர் சொல்லி வேண்டப்படும் வானதூதர்கள் மூவர்தான். அல்டெபெர்ட் என்பவர் பரப்பிய, ஊரியேல் முதலிய பெயர்கள் கொண்ட மன்றாட்டை 745-ல் திருத்தந்தை சக்கரியா கூட்டிய உரோமைச் சங்கம் கண்டித்தது. அவரவர் காவல் தூதருக்குத் தாமாகப் பெயர் சூட்டும் வழக்கத்தையும் 2001-ல் வெளிவந்த வத்திக்கான் வழிகாட்டி ஊக்குவிக்கவில்லை.

அதிதூதர்களுக்குப் புனிதர் பட்டமளிப்பு விசாரணை என்று எதுவும் நடப்பதில்லை. மனித வாழ்க்கை வாழாதவர்களிடம் எதை விசாரிப்பது? பாதுகாவல் பொறுப்பு விவிலியத்தில் அவர்கள் செய்த பணியிலிருந்தே வருகிறது. மீனின் பித்தப்பையால் தோபித்துக்குப் பார்வை கிடைக்க வழிகாட்டியவர், அவர் மகன் தோபியாவோடு பயணம் போனவர் இரபேல். ஆகவே கண்நோயாளருக்கும் பயணிகளுக்கும் அவர். மரியாவுக்குச் செய்தி கொண்டுவந்த கபிரியேலைத் தொலைத்தொடர்புத் துறையின் பாதுகாவலராகத் திருத்தந்தை 12-ம் பயஸ் 1951 ஜனவரி 12 அன்று அறிவித்தார். அந்தத் தேர்வு எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது.

விழா நாளிலும் குழப்பம் இருக்கிறது. மார்ச் 24 (கபிரியேல்), அக்டோபர் 24 (இரபேல்) என்பவை 1969-க்கு முந்தைய நாள்காட்டி. இப்போது மூவருக்கும் செப்டம்பர் 29. காவல் தூதர்களுக்குத் தனியாக அக்டோபர் 2.