முறத்தோடு வந்த அக்கா

அந்த நாற்பது விநாடிக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட மருத்துவ மாணவி ஒருத்தி, உள்ளங்கையில் நாலைந்து அரிசியை வைத்துக்கொண்டு, “இதைப் பொறுக்கிப் போடாதீர்கள் அம்மா” என்கிறாள். மேலே ஒரு வரி: ‘நமக்குச் சோறு பொங்கக் கற்றுக்கொடுக்க வந்துவிட்டார்கள்.’ என் நண்பர்களே ஏழு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் என்னோடு பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள்.

அது எங்கள் ஊர் அங்கன்வாடி. நான் அங்கே இருந்தேன்.

அந்தப் பெண் வந்ததும் கேட்க ஆரம்பித்தாள். பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், காபி எத்தனை தடவை, ரேஷன் அரிசியைப் பொங்குகிறீர்களா, மாவுக்கு அரைக்கிறீர்களா, கோழிக்குப் போடுகிறீர்களா. இந்தக் கேள்வி வந்ததும் ஓர் அக்கா எழுந்து வீட்டுக்குப் போய் முறத்தையும் ஒரு டம்ளரையும் எடுத்து வந்தார். முறத்தில் அரிசி. டம்ளரில் அதிலிருந்து பொறுக்கியெடுத்த, நிறம் கொஞ்சம் மாறிய மணிகள். “பிளாஸ்டிக்கைக் கலந்து போடுகிறார்கள், பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பேன்?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துத் திரும்ப அரிசி வடிவில் அழுத்தியெடுத்து, நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்திருந்தார்கள். களையும்போது சில மணிகள் மிதக்கும். அதைப் பார்த்துத்தான் பயம். அந்த மாணவி டம்ளரில் இருந்ததை அங்கன்வாடி அடுப்பிலேயே வேகவைத்து, எல்லோர் முன்னாலும் வாயில் போட்டு மென்று காட்டினாள். அதையும் வெட்டிவிட்டீர்கள். அவள் கேட்டதையெல்லாம் வெட்டிவிட்டு, சொன்ன ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.

சான்றிதழுக்காக வருகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதலாமாண்டு மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறது. அது கட்டாயம். இவர்கள் வருவது அதற்கு மேல், ஞாயிற்றுக்கிழமையில், சொந்தக் காசில் பஸ் பிடித்து. பேனர் கட்டி, வாழைப்பழம் கொடுத்து, போட்டோ எடுத்து அரை மணி நேரத்தில் கிளம்பியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் எங்கள் ஊருக்கு வந்தது நான்காவது முறை.

வறுமையில் இருப்பவரிடம் சத்துணவுப் பாடமா என்பது நியாயமான கேள்விதான். ஆப்பிள் சாப்பிடுங்கள், பாதாம் சாப்பிடுங்கள் என்று சொல்லிப் போகிறவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. இவள் பேசியது வீட்டில் ஏற்கெனவே இருக்கிற, இலவசமாகக் கிடைத்த அரிசியைப் பற்றி.

‘எங்கள் பாட்டிக்குத் தெரியாததா’ என்கிறீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

2006இல் என் அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரத்தநாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். ஹீமோகுளோபின் ஏழுதான், இரத்தசோகை. கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். செவிலியர் மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். முகாமுக்கு வந்த ஒரு மருத்துவ மாணவர்தான் திண்ணையில் உட்கார்ந்து, “மாத்திரை போட்டால் உங்களுக்கு என்ன செய்கிறது?” என்று கேட்டார். அக்கா உள்ளே போய் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைக் கட்டை எடுத்து வந்தாள். முதல் மாதத்து அட்டையைத் தவிர ஒன்றும் பிரிக்கப்படவில்லை. முதல் மாதம் போட்டபோது மலம் கறுப்பாகப் போனதாம். குழந்தைக்கு ஏதோ ஆகிறது என்று பயந்து நிறுத்திவிட்டாளாம். அது இரும்பின் நிறம், பயமில்லை, காபியோடு போடாதீர்கள், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள் என்று அவர் சொன்னார். அந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை. உடன்பிறந்த நானே கேட்டதில்லை.

அதே வீட்டில்தான், அதிகம் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று அக்காவின் தட்டில் சோற்றைக் குறைத்தார்கள். சொன்னது பாட்டிதான். அந்தப் பாட்டி முருங்கைக்கீரையை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியில் ஒட்டியிருந்ததோடு பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டவர். பாட்டியின் கைமணத்தைக் கொண்டாடுகிறவர்கள் பாட்டியின் தட்டை ஒருநாளாவது எட்டிப் பார்த்தீர்களா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருப்பவர்கள்தான் அவர்கள்.

நேற்றிரவு அந்த மாணவியிடம் பேசினேன். அப்பா காணொளியைப் பார்த்துவிட்டார், இனிமேல் போக வேண்டாம் என்கிறார் சார், என்றாள். அழவில்லை. அந்த அக்கா இப்போது அரிசியைப் பொறுக்காமல் சமைக்கிறாரா என்று மட்டும் கேட்டாள்.

அந்த அக்காவின் முகமும் காணொளியில் தெரிகிறது. இன்று காலை ரேஷன் கடை வரிசையில் ஒருவன் அவரைப் பார்த்து, “என்ன பிளாஸ்டிக் அக்கா” என்றான். அவர் பையை மடித்துக்கொண்டு அரிசி வாங்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டார். பகிர்ந்த ஏழு பேரும் அந்தக் காணொளியை நீக்குங்கள். இன்றைக்கே நீக்குங்கள்.