கட்டியாயிற்று, நடத்துவது யார்?

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு பெரிய கட்டடம் வரப்போகிறது என்று யாராவது மேடையில் அறிவித்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. திறப்புவிழாவுக்கு மறுநாள் அதை யார் நடத்துவது?

நெடுந்தூர பஸ் நிலையத்தைப் பாருங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை கட்டியது, 2021இல் திறந்தார்கள். இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை, அரச பஸ் சேவை) பஸ்கள் பழைய இடத்தை விட்டு அசையமாட்டோம் என்றன. தனியாரோடு இணைந்த நேர அட்டவணை என்று பேசிப் பேசியே வருடங்கள் போயின. இ.போ.ச. கொழும்பு அமைச்சுக்குக் கீழே. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண அதிகார சபை. பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, ஒழுங்கைகள் மாநகரசபைக்கு. பொலிஸ் வேறு. இத்தனை பேரையும் ஒரு மேசையில் இருத்தி "இதுதான் முடிவு" என்று சொல்லும் அதிகாரம் ஊரில் ஒருவருக்கும் இல்லை. மாநகரசபைக்குச் சோலைவரி (வீட்டுவரி) கட்டும் நாங்கள் ஏசுவதோ மாநகர முதல்வரை மட்டும்.

புல்லுக்குளத்தடியில் இந்திய நன்கொடையில் எழுந்த கலாசார மையமும் இதே கதைதான். 2023 பெப்ரவரியில் கையளித்தார்கள். இவ்வளவு மாடிகளை நடத்தும் செலவை மாநகரசபையால் தாங்க முடியுமா என்ற கேள்வி, கட்டி முடிந்த பிறகுதான் பெரிதானது. அத்திவாரம் வெட்டும்போதே கேட்டிருக்க வேண்டாமா?

சரி, சபை மட்டும் ஒழுங்கா? 2018 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பாதீடு (வரவு செலவுத் திட்டம்) சபை வாக்கெடுப்பில் இரண்டு முறை தோற்றால் முதல்வர் பதவி போய்விடும் என்ற சட்டத்தை வைத்துக் கதிரை விளையாட்டு நடத்தினார்கள். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் முடியும்வரை சபையே இல்லை, ஆணையாளர் என்ற அரச அதிகாரிதான்.

இதற்கிடையில் நிலத்துக்குக் கீழே நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத ஊர் இது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. நகரத்தில் குழாய்வழிக் கழிவகற்றல் கிடையாது. ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும். இரண்டு பரப்புக் காணியில் மூன்று மாடி விடுதிக்கு அனுமதி கேட்டு வரைபடம் வந்தால், வாகனத் தரிப்பிடம் பற்றிக் கேட்பவர்களில் எத்தனை பேர் பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பற்றிக் கேட்கிறார்கள்? வெள்ளவாய்க்காலை மறித்து மதில் கட்டுவது நாங்களேதான், அதையும் சொல்லவேண்டும்.

புதிய சபையிலும் யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லை. இருந்தாலும் ஒரு தீர்மானத்துக்கு எல்லாக் கட்சியும் கையுயர்த்தலாம்: யார் நடத்துவது, வருடச் செலவு எங்கிருந்து வரும் என்பதை எழுத்தில் காட்டாத எந்தத் திட்டத்துக்கும் மாநகரசபைக் காணி இல்லை. கொழும்பு கோபித்தால் கோபிக்கட்டும்.