பிஎஃப் கணக்கோடு ஒரு ஆயுள் காப்பீடும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்

பிஎஃப் பிடிக்கும் வேலையில் இருப்பவர் இறந்துபோனால், கணக்கில் சேர்ந்த பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு குடும்பம் நின்றுவிடக் கூடாது. அந்தக் கணக்கோடு சேர்ந்தே இடிஎல்ஐ என்ற ஆயுள் காப்பீடு இருக்கிறது. 1976 முதல் நடக்கும் திட்டம். தொழிலாளியிடம் ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை. சம்பளத்தில் 0.5 சதவீதத்தை முதலாளி கட்டுகிறார்; அதற்குக் கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதால் மாதம் 75 ரூபாயைத் தாண்டாது. விபத்தோ மாரடைப்போ, வேலை நேரமோ விடுமுறையோ, பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு இந்தப் பணம் உண்டு.

எவ்வளவு வரும்? கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை (பேசிக் எனும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, 15,000 வரை) 35-ஆல் பெருக்குங்கள். அதோடு பிஎஃப் இருப்பின் 12 மாதச் சராசரியில் பாதி, அதிகபட்சம் 1,75,000. பேசிக் 15,000 உள்ளவருக்கு முதல் பகுதி 5,25,000; கணக்கில் சராசரியாக 3.5 லட்சம் இருந்தால் மொத்தம் 7 லட்சம். அதுதான் உச்சம். தேவையில்லாமல் அட்வான்ஸ் எடுத்துக் கணக்கைக் காலி செய்தால் இரண்டாவது பகுதி சுருங்கிவிடும்.

முதலாளிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிஎஃப் செலவைக் குறைக்க பேசிக்கை 8,000 என்று காட்டினால் அந்த 35 மடங்கு 2,80,000-தான். கணவனை இழந்தவளுக்கு 2,45,000 ரூபாய் குறைகிறது. இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நாமினேஷனில்தான், அதாவது பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பதிவதில்தான். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருந்தால், கல்யாணம் ஆன நாளோடு அது செல்லாது. குடும்பம் இருக்கும்போது நண்பரையோ தம்பியையோ போட்டாலும் செல்லாது. யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) போர்ட்டலில் முதலில் உங்கள் போட்டோவை ஏற்றுங்கள். பிறகு மேனேஜ் பகுதியில் இ-நாமினேஷன். மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஆதார், பிறந்த தேதி, போட்டோ கொடுத்து, பங்கு மொத்தம் 100 சதவீதம் வரும்படி பிரியுங்கள். பலர் சேமித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டு இ-சைன் (மின் கையொப்பம்) முடித்தால்தான் நாமினேஷன் பதிவாகும்.

நம் ஊரில் இனிஷியல் இன்னொரு தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் விரிந்தும், பிஎஃப்பில் ஒரே எழுத்தாகவும், பாஸ்புக்கில் முன்னும் பின்னுமாகவும் இருக்கும். ஆள் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். இறந்த பிறகு அதே திருத்தத்துக்குக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும்.

இறப்பு நேர்ந்தால் நிறுவனம் செய்ய வேண்டியது: பணி முடிந்த தேதியையும், காரணம் மரணம் என்பதையும் உடனே பதிவதும், நிலுவைச் சந்தாவைக் கட்டுவதும். குடும்பம் மூன்று உரிமைகளையும் கேட்க வேண்டும். பிஎஃப் தொகைக்குப் படிவம் 20, இடிஎல்ஐக்கு 5ஐஎஃப், ஓய்வூதியத்துக்கு 10டி. மூன்றையும் ஒரே ஒருங்கிணைந்த படிவத்திலும் கேட்கலாம். இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், கேன்சல் செய்த காசோலை வேண்டும். நாமினேஷன் இல்லையென்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கும் நடக்க வேண்டும். நிறுவனமே மூடிக்கிடந்தால் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி, எம்எல்ஏ, வங்கி மேலாளர் போன்றவர்களிடம் சான்றொப்பம் வாங்கலாம்.

ஓய்வூதியத்தை விட்டுவிடாதீர்கள். பணியில் இருந்தபடி இறந்தவர் ஒரே ஒரு மாதம் ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அதில் 25 சதவீதம் வீதம், ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை தனியாக வரும்.

20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைக்காரரும் பெரும்பாலான தொழிலாளர்களின் சம்மதத்தோடு விருப்பப்பட்டுப் பிஎஃப்பில் பதிவு செய்யலாம். முதல் வேலையிலேயே 15,000-க்கு மேல் பேசிக் வாங்குபவரை நிறுவனம் பிஎஃப்பில் சேர்க்காமல் விடச் சட்டம் இடம் தருகிறது. விட்டால் இடிஎல்ஐயும் இல்லை. இரு தரப்பும் கையெழுத்திட்டு விண்ணப்பித்துச் சேரலாம், சேருங்கள்.

வேலையை விட்டால் இந்தக் காப்பீடும் போய்விடும். வீட்டுக் கடனும் படிக்கிற பிள்ளைகளும் இருப்பவருக்கு 7 லட்சம் எந்த மூலைக்கு? தனியாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) கட்டாயம் வேண்டும். அதன் நாமினி பெயரும் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும்.