பாவித்த உடுப்பை வெட்டித் தைத்தால் நோய் வருமா?

வன்னிப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. சந்தையில் மலிவாக விற்கும் பாவித்த உடுப்பெல்லாம் செத்தவர்களுடையதாம். தோய்த்தாலும் எயிட்ஸும் சொறியும் போகாதாம். பிள்ளைகளுக்கு வெட்டித் தைக்கக் கூடாதாம்.

எயிட்ஸ் கதை முழுப்பொய். எச்.ஐ.வி உடுப்பால் பரவாது. சொறிப் பூச்சி மனிதத் தோலை விட்டால் பொதுவாக 2, 3 நாளில் செத்துவிடும். கப்பலில் கிழமைக்கணக்காகக் கிடந்து வரும் பொதிக்குள் அது எங்கே உயிரோடு இருக்கப் போகிறது? அந்த உடுப்புகளும் பெரும்பாலும் வெளிநாட்டில் ஆட்கள் வேண்டாமென்று கொடுத்தவைதான்.

ஒன்றில் மட்டும் பயம் நியாயம். தோலில் படை உண்டாக்கும் பங்கசு துணியில் மாதக்கணக்காக இருக்கலாம். அதனால் வெட்டுவதற்கு முன்பே நல்ல சுடுதண்ணீரில் தோய்த்து, வெயிலில் காயவிட்டு, சூடாக அயர்ன் பண்ணுங்கள். சுருங்குகிற துணி அப்போதே சுருங்கிவிடும், தைத்த பிறகு அழ வேண்டியதில்லை.

பழந்துணி தையல் தாங்காது என்றும் அதே குரல் சொல்கிறது. முதலில் நைவது கமக்கட்டும் கழுத்துப் பட்டியும்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அவற்றை விட்டு வெட்டினால், பெரிய ஆளின் சேட்டில் 3 வயதுப் பிள்ளைக்கு ஒரு சட்டை வரும். தெறிப் பட்டியை முதுகுப் பக்கம் வையுங்கள், தெறித்துளை தைக்கும் வேலையும் மிச்சம்.