ஆம்ஸ்டர்டாம் ஒரு வாக்கில் ஜெயிக்கவில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் முடிவால் லண்டனிலிருந்து கிளம்பிய ஐரோப்பிய மருந்து முகமையின் தலைமையகத்தை, ஆம்ஸ்டர்டாம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மிலானிடமிருந்து பறித்துக்கொண்டதாக ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

2017 நவம்பர் 20 அன்று ஒன்றியத்தின் மற்ற 27 நாடுகள் வாக்களித்தன. முதல் சுற்றில் மிலானுக்கு 25 புள்ளிகள், ஆம்ஸ்டர்டாமுக்கு 20. இரண்டாம் சுற்றிலும் மிலான்தான் முன்னால், 12க்கு 9. கடைசிச் சுற்றில் ஒரு நாடு ஒதுங்கிக்கொள்ள, 13க்கு 13 என்று சமமானது. அப்புறம் திருவுளச்சீட்டு! கூட்டத்தை நடத்திய எஸ்டோனியாவின் துணை அமைச்சர் எடுத்த சீட்டில் ஆம்ஸ்டர்டாம் என்று இருந்தது. சமமானால் சீட்டு என்பது முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதி. அதே நாளில் ஐரோப்பிய வங்கி ஆணையமும் இப்படித்தான், சீட்டு மூலம், டப்ளினுக்குக் கிடைக்காமல் பாரிஸுக்கு என்று முடிவானது.

சுமார் 900 ஊழியர்களின் குடும்பங்கள் எங்கே குடியேறுவது என்பதைச் சீட்டு முடிவு செய்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மிலானின் கோபம் நியாயமானதே. ஆனால் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்துவிட்டதாகச் சேர்த்துச் சொல்வதும் பொய். இத்தாலியும் மிலானும் தொடுத்த வழக்குகளை ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜூலையில் தள்ளுபடி செய்தது. முகமை 2019 முதல் ஆம்ஸ்டர்டாமில்தான் இயங்குகிறது.